குண்டு மெசின் மாப்பிள்ளை

உங்க காலை அந்தப் பெட்டி மேலயே வெச்சுக்கங்க, பரவால்லீங்க. உள்ள ஸ்பேனரும் கட்டிங் பிளேயரும்தான், உடையற சாமான் ஒண்ணும் இல்ல. குங்குமம் எதுக்குன்னு பாக்குறீங்களா? எங்க மாமனார் வெச்சது. புதுப் பெட்டி வாங்கி, கற்பூரம் காட்டி, பஸ் ஏத்தி விட்டிருக்காரு. நானா கேட்டேன்? இல்லீங்க. நான் எதையுமே கேக்கல. அதுதான் பிரச்சினையே.

கோத்தகிரிக்கா போறீங்க? நானும் அங்கதான். அப்ப இன்னும் ஒரு மணி நேரம் இருக்குது. ஒரு விசயம் சொல்றேன், கேட்டுட்டு தப்பு யாரு மேலன்னு நீங்களே சொல்லுங்க. என் பேரு மாதேஸ்வரன், சேலம்.

ஆவணி பொறந்து ஒம்பது நாளாச்சு. ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போன பொண்டாட்டி இன்னும் வரல. புதுப் பொண்டாட்டிங்க, வைகாசியிலதான் கல்யாணம். வாணின்னு பேரு. போன் பண்ணா எடுக்குறா, நல்லாத்தான் பேசுறா, சாப்டீங்களான்னு கேக்குறா. கிளம்பி வான்னா மட்டும், "எங்கப்பாகிட்ட அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்க, அடுத்த பஸ்ஸுல வர்றேன்"ங்கிறா. என்ன வார்த்தைன்னு கேக்குறீங்களா? இருங்க, அதை இப்பவே சொன்னா உங்களுக்குப் புரியாது. முதல்ல இருந்து வரணும்.

நான் நாலு வருசம் சிங்கப்பூர்ல இருந்தேன். ஒரு பெரிய மாலு, அதுல மூணாவது மாடி முழுக்க விளையாட்டு மெசினுங்க. அங்கதான் வேலை. கண்ணாடி தொடைக்கிறது, கம்பளம் கூட்டுறது, பசங்க சிந்துன கூல்டிரிங்க்ஸை அள்ளுறது. கல்யாணத் தரகர் என்ன பண்ணாரு, "பையன் சிங்கப்பூர்ல கேம்ஸ் மெசின் இன்சினியர்"னு பொண்ணு வீட்டுல அடிச்சு விட்டுட்டாரு. நான் சொல்லலீங்க, அவரு சொன்னாரு. பொண்ணு பாக்கப் போன அன்னிக்கு மாமனார் கேட்டாரு, "மாப்பிள்ளைக்கு மெசின்லதான் வேலைங்களா?" நான், "ஆமாங்க, மெசின்லதான்"னேன். இதுல பொய் எங்க இருக்குது? ஒரு நாளைக்கு அறுபது மெசின் தொடைச்சிருக்கேன்.

மாமனார் பேரு பெரியண்ணன். ஏற்காட்டுல ஒரு காப்பித்தோட்ட பங்களாவுக்கு வாட்ச்மேன். இருபத்தாறு வருசமா அங்கதான். பங்களாவுக்குப் பின்னால ரெண்டு ரூம் குவார்ட்டர்ஸ், அதுதான் வீடு. அதை விட்டா அவருக்குப் போக வேற இடம் கிடையாது. வாணி கல்யாணத்துக்கு முன்னால சேலத்துல ஒரு மோட்டார் கம்பெனியில ஏழு வருசம் கம்பி சுத்திக் காயில் கட்டிக்கிட்டு இருந்தா. கல்யாணம் முடிஞ்ச வாரமே நிறுத்திட்டேன். சிங்கப்பூர் மாப்பிள்ளையோட பொண்டாட்டி கையில செம்புக் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிப்பாளா? நாலு பேரு என்னைத்தானே கேப்பாங்க. நான் சொந்தமா ஏதாச்சும் தொழில் ஆரம்பிக்கலாம்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். இப்பவும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், அது வேற.

சரி, ஆடி ஒண்ணு. தலை ஆடி. எங்க பக்கம் அன்னிக்கு தேங்காய் சுடுவாங்க, தெரியுமில்ல? தேங்காய்க்குள்ள வெல்லம், பொட்டுக்கடலை, எள்ளெல்லாம் போட்டு, குச்சியில குத்தி நெருப்புல வாட்டுறது. நானும் போனேன். புது வேட்டி, புதுச் சட்டை, கோழி, வடை, பாயாசம். ஆடியில புருசன் பொண்டாட்டி சேந்து இருக்கக் கூடாதில்லீங்களா, அதனால மறுநாள் காலையில பொண்ணை அங்கயே விட்டுட்டு நான் கிளம்பணும். வழக்கம் அதுதான். பையெல்லாம் எடுத்து வெச்சாச்சு.

அப்ப மாமா வந்து எதிர்ல உக்காந்தாரு. சேர்ல இல்ல, தரையில. மாப்பிள்ளை எதிர்ல சேர்ல உக்கார மாட்டாரு. "மாப்ளே, முதலாளி பங்களாவை லாட்ஜ் ஆக்கப் போறாரு. என்னை நிறுத்திட்டு கம்ப்யூட்டர் தெரிஞ்ச பசங்களைப் போடுறதாப் பேச்சு. நான் கால்ல விழாத குறையாக் கேட்டேன். அவங்கப்பா காலத்துல வாங்கிப் போட்ட குண்டு மெசின் ஒண்ணு ஹால்ல கிடக்குது. மெட்ராசுல இருந்து ரெண்டு பேரு வந்து பாத்துட்டுக் கையை விரிச்சுட்டாங்க. 'அதை ஓட வைக்க ஒரு ஆளைக் கொண்டா பெரியண்ணா, உன் விசயத்தை அப்புறம் பாக்கலாம்'னாரு. நான் என் மாப்பிள்ளையே அந்த இன்சினியர்தாங்கன்னு சொல்லிட்டேன். ஆடிப் பதினெட்டுக்கு விருந்தாளிங்களோட வர்றாரு."

எனக்கு வாயில இருந்த வெத்தலை தொண்டையில போயிருச்சுங்க.

அப்பவே சொல்லியிருக்கலாம்தான். நீங்க ஈசியாச் சொல்லிடுவீங்க. அந்த மனுசன் மூஞ்சியைப் பாத்திருந்தா உங்களுக்கும் வாய் வந்திருக்காது. "பாக்கலாங்க மாமா"ன்னேன். பாக்கலாம்னுதான் சொன்னேன், பண்றேன்னு சொல்லல.

மெசின் எப்படி இருக்கும்னா, சாய்வா ஒரு மேசை, மேல கண்ணாடி. உள்ள ஒரு இரும்புக் குண்டு. ஸ்பிரிங்கை இழுத்து விட்டா குண்டு மேல போயி, அங்கங்க முட்டி, மணியடிச்சு, எண்ணு ஏறி, திரும்பக் கீழ உருண்டு வரும். கீழ ரெண்டு கை மாதிரி இருக்கும், பிளிப்பர்னு சொல்லுவாங்க. ரெண்டு பக்கமும் பட்டன். பட்டனை அமுக்குனா கை டப்புனு தூக்கி குண்டை மேல தள்ளணும். இந்த மெசின்ல லைட்டு எரியுது, மணி அடிக்குது, குண்டு வருது. கை மட்டும் ரெண்டும் செத்துக் கிடக்குது. குண்டு நேரா வந்து குழியில விழுது. நான் பட்டனை ஒரு நாப்பது தடவை அமுக்கியிருப்பேன். நாப்பது தடவையும் விழுந்துச்சு. மாமா பக்கத்துல கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. துணி எடுத்துக் கண்ணாடியைத் தொடைச்சேன். அதுல மட்டும் என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது. மாமா அத்தையைக் கூப்புட்டு, "பாரு, தொடைக்கிற தொடையிலயே தெரியுது, தொழில்காரரு"ங்கிறாரு.

இப்படித்தாங்க மாட்டுனேன். ஆடியில மாமனார் வீட்டுல தங்கக் கூடாது, ஆனா மெசினை விட்டுட்டுப் போகவும் முடியாது. மாமாவே வழி கண்டுபுடிச்சாரு. பங்களா ஹால்ல மெசின் பக்கத்துலயே ஒரு கட்டில் போட்டாரு. பொண்ணு குவார்ட்டர்ஸ்ல, மாப்பிள்ளை பங்களாவுல. சாயங்காலம் ஆறு மணியானா வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்குவாரு, அது முதலாளி உத்தரவு. "தொந்தரவு இல்லாம யோசிங்க மாப்ளே"ம்பாரு. வெளிய மழை, பனி, சன்னல்ல ஒண்ணும் தெரியாது. உள்ள நானும் அந்த மெசினும். ஜெயில்ல கூட ரெண்டு பேரு பேசக் கிடைப்பாங்க.

நாலாம் நாள் காலையில ஓடிரலாம்னு முடிவு பண்ணிப் பையைத் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். அங்க டீக்கடையில மாமா. "பார்ட்ஸ் வாங்கத்தானே மாப்ளே? தனியாவா போவீங்க, நல்லா இருக்குது"ன்னு கூடவே ஏறிட்டாரு. சேலம் வரைக்கும் வந்து, நான் எதை வாங்குறதுன்னு தெரியாம ரெண்டு பியூசும் ஒரு பல்பும் வாங்குனதைப் பாத்து சந்தோசப்பட்டு, திரும்பக் கூட்டிக்கிட்டு வந்துட்டாரு. பையை எதுக்குத் தூக்கிட்டு வந்தேன்னு கேக்கவே இல்ல. அதுக்குள்ள ஏற்காடு பூராவும் என் பேரு "குண்டு மெசின் மாப்பிள்ளை"ன்னு ஆயிருச்சு. டீக்கடைக்காரரு அவரு வீட்டு மிக்சியைத் தூக்கிக்கிட்டு வந்துட்டாரு. "நான் சின்ன மெசினெல்லாம் தொடுறதில்லீங்க"ன்னேன். பின்ன என்ன சொல்றது?

பியூசு மாத்துனேன், அசையல. பல்பை மாத்துனேன், அது எரிஞ்சுச்சு. பின்னால பலகையைக் கழட்டுனா, அம்மாடி, ஆயிரம் ஒயரு, சின்னச் சின்னத் தகடு, நூல் சுத்துன மாதிரி காயிலுங்க. பாத்த உடனே மூடி வெச்சுட்டேன். பயமா இருந்துச்சுங்க, மறைக்கிறதுக்கு என்ன இருக்குது.

மத்தியானம் வாணிதான் தூக்குச்சட்டியில சோறு கொண்டாருவா. தனியா வரக் கூடாதில்ல, அத்தை துணைக்கு வந்து வாசப்படியில உக்காந்து கீரை ஆய்வாங்க. நாங்க குசுகுசுன்னு பேசுனா ஒரு இருமல் வரும். வாணி குழம்பை ஊத்திக்கிட்டே உள்ள எட்டிப் பாத்தா. "ஏங்க, ரெண்டு கையும் ஒண்ணாச் செத்திருக்குதே. கையைத் தூக்குற காயிலு ரெண்டும் ஒரே நாள்லயா எரியும்? ரெண்டுக்கும் சேந்து வர்ற ஒயரு எதுங்க?" அப்படின்னா. சும்மாக் கேட்டா. நான் சாப்புட்டு முடிச்சு யோசிச்சேன். எனக்கே பொறி தட்டுச்சு. ரெண்டு கையும் ஒண்ணாச் செத்தா, ரெண்டுக்கும் சேந்து வர்ற ஒயர்லதானே கோளாறு இருக்கணும்? பாத்தீங்களா, நிதானமா யோசிச்சா வருது.

மறுநாள் அந்த ஒயர் போற வழியை அவ வெரலால காட்டுனா, நான் டார்ச் அடிச்சேன். ரிலேன்னு ஒரு சுவிச்சு இருக்குது. ஆட்டம் ஆரம்பிச்சாத்தான் அது ஒட்டும், ஒட்டுனாத்தான் கைக்குக் கரண்டு. அதோட முனை கரியாக் கருத்திருக்குது. நான் ஸ்குரூ டிரைவரால சுரண்டப் போனேன். "அது வேணாங்க, உப்புத்தாளும் ஆகாது, எங்க கம்பெனியில இதுல தேப்போம்"னு அவ நகம் தேய்க்கிற அரத்தைக் கொடுத்தா. தேச்சது நான்தான். ஒரு பத்து நிமிசம். பட்டனை அமுக்குனேன், வலது கை டப்புனு தூக்குச்சு! நான் கத்துன கத்துல அத்தை கீரையைக் கொட்டிட்டாங்க.

இடது கை மட்டும் நோவாளி மாதிரி லேசாத் தூக்குது, குண்டு பாதி வழியில திரும்பிருது. சரி, இதை நானே பாத்துக்குவேன்னு வாணிகிட்ட சொல்லிட்டேன். எல்லாத்தையும் பொம்பளைகிட்டக் கேட்டுக்கிட்டு இருக்க முடியுமா? எந்த மெசினா இருந்தாலும் எண்ணெய் விட்டா ஓடும். சமையல்கட்டுல இருந்து தேங்காயெண்ணெய் கொண்டாந்து காயில் ஓட்டைக்குள்ள விட்டேன். கொஞ்சம் தாராளமாவே விட்டேன். ஏற்காட்டுக் குளுருக்கு எண்ணெய் உறைஞ்சு, தூக்கிக்கிட்டிருந்ததும் நின்னுருச்சு. பக்கத்துல ஒரு சின்னத் தகடு விலகி விலகி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. இதுதான் சரியா ஒட்டலன்னு நெனச்சு, விலகவே முடியாதபடி வளைச்சு அழுத்தி விட்டுட்டேன். அப்புறம் பட்டனை அமுக்கிப் புடிச்சுக்கிட்டே இருந்தேன், சூட்டுல எண்ணெய் இளகட்டும்னு.

இளகுச்சு. கூடவே புகையும் வந்துச்சு.

அன்னிக்குத் தேதி ஆடி பன்னெண்டு. காயில் கருகிப் போச்சு. அந்தக் காயிலு இந்த ஊர்ல எங்கயும் கிடைக்காது. இன்னும் ஆறு நாள். மாமாவோட சாமானெல்லாம் ரோட்டுல கிடக்குற மாதிரி எனக்குக் கண்ணுல தெரியுது. வாணி சோத்தோட வந்தப்ப நான் மெசினுக்கு அடியில உக்காந்திருந்தேன். கண்ணுல தண்ணி. புகைங்க, புகை பட்டுருச்சு. சரி, உங்ககிட்ட என்ன, அழுதேன்தான். "நான் இன்சினியர் இல்ல வாணி. கண்ணாடி தொடைக்கிறவன்"னேன்.

அவ என்ன சொன்னா தெரியுமா? "தெரியும்ங்க. மெசினைப் பாத்த முத நாளே துணியை எடுத்தீங்களே, அப்பவே தெரியும். அழுவாதீங்க, அம்மா பாக்குது. அந்தக் காயிலைக் கழட்டித் தூக்குச்சட்டியில போடுங்க."

போட்டேன். ரசஞ்சோத்துச் சட்டிக்குள்ள போட்டு மூடி எடுத்துக்கிட்டுப் போயிட்டா. கம்பெனியில கூட வேலை செஞ்ச அக்கா ஒருத்தங்களுக்குப் போன் பண்ணிக் கம்பி கேட்டிருக்கா, அவங்க பஸ் கண்டக்டர்கிட்டக் கொடுத்து விட்டிருக்காங்க. கருகுன காயிலை ஒவ்வொரு சுத்தாப் பிரிச்சு எண்ணியிருக்கா. உள்ள தடிக் கம்பி, மேல மெல்லிசுக் கம்பி. காப்பிக்கொட்டை அரைக்கிற கை மெசின் இருக்குதுல்ல, அதோட கைப்பிடி சுத்துற அச்சுல குச்சியைச் சொருகி, அதுல மாட்டிச் சுத்தியிருக்கா. ரெண்டு நாள். இதெல்லாம் அத்தை பின்னால சொல்லித்தான் எனக்குத் தெரியும். அத்தை மாமாகிட்ட மூச்சு விடல. மாப்பிள்ளை மானம்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா.

பதினஞ்சாம் தேதி தூக்குச்சட்டியில தயிர்சோத்துக்கு மேல, வாழையிலையில சுத்திப் புதுக் காயிலு. எண்ணெயையெல்லாம் தொடைச்சு எடுத்துட்டு நான்தான் மாட்டுனேன். அந்தத் தகடைத் திரும்ப நிமித்தி வெச்சவ அவ. "கை முழுசா மேல போனதும் இது விலகணுங்க. விலகுனாத்தான் கரண்டு மெல்லிசுக் கம்பி வழியா சுத்திப் போயி சூடு ஏறாம நிக்கும். நீங்க விலக விடல, அதான் எரிஞ்சுது"ன்னா. அமுக்குனேன். இடது கை தூக்குன வேகத்துல குண்டு மேல போயி மணியெல்லாம் ஒண்ணா அடிச்சுச்சு. நாங்க ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புக்கு அத்தை இருமவே இல்லீங்க. கல்யாணமாகி அன்னிக்குத்தான் அவ பல்லு தெரியச் சிரிச்சுப் பாத்தேன்.

பதினேழாம் தேதி அவ கேட்டா. "நாளைக்கு எங்கப்பா முன்னால, காயிலு வாணி கட்டுனதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஏழு வருசம் வேலைக்குப் போனேன், எங்கப்பா ஒருத்தர்கிட்டக் கூட அதைச் சொல்லிக்கிட்டது இல்ல. பொண்ணு கம்பெனிக்குப் போறது அவருக்கு வெக்கம். ஒரு தடவை அவரு காதுல விழட்டும்." நான், "இதைக் கூடவா சொல்ல மாட்டேன்"னேன். மனசாரத்தாங்க சொன்னேன்.

பதினெட்டு. முதலாளி ரெண்டு காருல விருந்தாளிங்களோட வந்துட்டாரு. எல்லாரும் மெசினைச் சுத்தி நிக்கிறாங்க. முதலாளி சின்னப் புள்ளையாட்டம் விளையாடுறாரு, "எங்கப்பா இருந்து பாக்கணும்"னு கண்ணைத் தொடைக்கிறாரு. "பெரியண்ணா, நீ எங்கயும் போக வேண்டாம், இங்கயே இரு"ன்னுட்டாரு. மாமா என் ரெண்டு கையையும் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டு ஓன்னு அழுதுட்டாரு. அப்பத்தான் முதலாளி கேட்டாரு, "ஆமா, என்னதான் தம்பி கோளாறு இருந்துச்சு?"

எல்லாரும் என்னைப் பாக்குறாங்க. வாணி புளிசோத்துத் தட்டோட கதவோரத்துல நிக்கிறா. அவ என் வாயையே பாக்குறா. என் கை இன்னும் மாமா கண்ணுல இருக்குது, ஈரமா. நீங்க சொல்லுங்க, அந்த நேரத்துல எப்படிங்க சொல்றது?

"அது வந்து சார், சிங்கப்பூர் முறைப்படி சரி பண்ணிட்டேன்"னேன்.

என் வாய்ல எப்படி வந்துச்சுன்னே தெரியல. முதலாளி முதுகுல தட்டி, "கோத்தகிரியில என் தம்பி வீட்டுல இதே மாதிரி நாலு மெசின் கிடக்குது"ன்னாரு. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள மாமா, "மாப்பிள்ளை வருவாருங்க முதலாளி"ன்னுட்டாரு. திரும்பிப் பாக்குறேன், தட்டு மட்டும் சன்னல் மேல இருக்குது. அவ இல்ல.

கிளம்புறப்ப அவகிட்ட சொன்னேன். "நான் சொல்லத்தான் வாயெடுத்தேன், உங்கப்பா அழுதுட்டாரு, என்ன பண்ணட்டும்?" அவ கோவிக்கவே இல்ல. "நாளைக்கு அழ மாட்டாருல்ல, நாளைக்குச் சொல்லுங்க"ன்னா. ஆடி முடிஞ்சுது. தினம் நாளைக்குன்னு போயிக்கிட்டு இருக்குது. இப்ப அவ மறுபடி அதே கம்பெனிக்குப் போறா, தினம் ஏற்காட்டுல இருந்து சேலத்துக்கு இறங்கி ஏறுறா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. மாமா எனக்குப் போன் பண்ணி, "வேலைக்குப் போகச் சொன்னீங்களாமே மாப்ளே, உங்க மனசு யாருக்கு வரும்"ங்கிறாரு! அதுக்கும் சரிங்க மாமான்னுட்டேன்.

இப்ப நாலு மெசின். நாலு மெசினுக்கு எத்தனை கை, எத்தனை காயிலு, எதுவும் எனக்குத் தெரியாது. போட்டோ எடுத்து அனுப்புனா பாத்துச் சொல்றியான்னு நேத்து அவகிட்டக் கேட்டேன். "இன்சினியரு நீங்கதானுங்களே"ன்னு வெச்சுட்டா. முதலாளி தம்பி ரூம் போட்டு வெச்சிருக்காராம், மூணு வேளைச் சாப்பாடாம், முடியற வரைக்கும் இருக்கணுமாம்.

ஆனா ஒண்ணுங்க. உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன் பாருங்க. கண்ணாடி தொடைச்சது, எண்ணெய் விட்டது, அழுதது, எல்லாத்தையும். ஒண்ணும் ஆயிடல. சொல்றது ஒண்ணும் அவ்வளவு கஷ்டமா இல்ல.

இருங்க, போனு. மாமாதான். நல்லதாப் போச்சு, இப்பவே சொல்லிடறேன். உங்க முன்னாலயே சொல்லிடறேன், நீங்க சாட்சி.

"சொல்லுங்க மாமா. ஆமாங்க, மலை ஏறிக்கிட்டு இருக்குது. ம்... ம்... ஓ, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, அவளுக்கு லீவுதானே. பக்கத்துலதான் நிக்கிறாளா? சரி... மாமா, ஒரு விசயம். அந்த மெசின்ல காயிலு இருக்குதுல்ல, இடது கை காயிலு... அதை வந்து... கேக்குதுங்களா மாமா? அந்தக் காயிலு... அது... இல்லீங்க மாமா, ஒண்ணும் இல்ல. சாப்புட்டேன். மேட்டுப்பாளையத்துலயே சாப்புட்டேன். நாலு இட்லி. சரிங்க. சரிங்க மாமா. வெச்சுடறேன்."

என்னங்க அப்படிப் பாக்குறீங்க? மலையில டவர் எங்க எடுக்குது.